தாத்தா எந்த வீட்டுப் பிள்ளை? நெப்ராஸ்காவின் பழைய சென்சஸ் தாள்களோடு இரண்டரை வருடம்

என் மாமனாரின் எண்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு வம்சாவளிப் படம் தயாரித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, முப்பது உறவினர்கள் முன்னால் கொடுத்தேன். அந்தப் படத்தின் மேல் பாதி முழுக்க வேறொரு குடும்பம். அது எனக்குத் தெரிய இன்னும் எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் படம் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கியது. வருகிறவர்களுக்கெல்லாம் அவர் அதைக் காட்டிக்கொண்டிருந்தார். என்னை இதைப் பற்றி எச்சரிக்க அப்போது யாரும் இல்லை. இங்கே அமெரிக்காவுக்குத் திருமணமாகி வந்த நம் பெண்களும் பையன்களும் பலர் பிள்ளைகளின் பள்ளிப் பாடத்துக்காக இந்த வேலையில் இறங்குகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் தென்காசிப் பக்கம். கணவர் வீட்டார் நெப்ராஸ்கா மாநிலத்தில் கேஜ் கவுண்டியின் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் போல) தெற்குப் பகுதியில் மக்காச்சோளமும் சோயாவும் பயிரிடும் குடும்பம். மாமனாரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன், அவருக்கும் அந்தச் சொல் பழகிவிட்டது. 2022-இல் என் மகளுக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள். என் பக்கம் எழுத்தில் ஒரு தாள்கூட இல்லை, ஆனால் பாட்டி வாயால் சொல்லிச் சொல்லி ஐந்து தலைமுறை எனக்கு மனப்பாடம். கணவர் பக்கம் மாமாவின் தாத்தாவோடு நின்றுவிட்டது. அதற்கு மேலே ஒரு கதைதான் இருந்தது: “ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்தார்கள், நேரே நெப்ராஸ்கா வந்து ஹோம்ஸ்டெட் நிலம் வாங்கினார்கள்.” ஹோம்ஸ்டெட் என்பது குடியிருந்து பயிர் செய்பவருக்கு அரசு இலவசமாகக் கொடுத்த நிலம். இந்த ஒரு வரியில் இரண்டு தவறுகள் இருந்தன என்று பின்னால்தான் தெரிந்தது.

அமெரிக்காவில் 1790 முதல் பத்து வருடத்துக்கு ஒருமுறை சென்சஸ் எடுக்கிறார்கள். வீடு வீடாகப் போய் எழுதிய அந்தத் தாள்களை 72 வருடம் பூட்டி வைத்து, அப்புறம் எல்லோருக்கும் திறந்துவிடுகிறார்கள். நம் நாட்டில் தனிநபர் தாள்கள் பொதுமக்கள் பார்வைக்கு வருவதே இல்லை, அதனால் எனக்கு இது பெரிய ஆச்சரியம். 1950-ஆம் வருடத் தாள்கள் 2022 ஏப்ரல் 1 அன்று வெளியாயின. அன்று இரவே உட்கார்ந்து தேடினேன். ஏழு வயதுப் பையனாக மாமாவின் பெயர் ஒரு வரியில் இருந்தது. மறுநாள் அவரிடம் காட்டியபோது அந்தத் தாளில் இருந்த பக்கத்துப் பண்ணைக்காரர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசினார். அந்த மகிழ்ச்சிதான் என்னை இதில் இழுத்துவிட்டது.

அங்கிருந்து பின்னோக்கிப் போவது சுலபமாகத்தான் இருந்தது. 1940-இல் மாமாவின் அப்பா இளைஞராகத் தன் பெற்றோர் வீட்டில் இருந்தார். 1930, 1920 தாள்களில் மாமாவின் தாத்தா தனிக் குடும்பமாகப் பண்ணை நடத்திக்கொண்டிருந்தார். 1910-இல் அவருக்கு வயது 24, கல்யாணம் ஆகவில்லை, இன்னொருவர் பண்ணையில் கூலியாள். 1900-இல் வயது 14, அப்போதும் வேறொருவர் வீட்டில் பண்ணை வேலைக்காரன். 1900 தாளில் பிறந்த மாதமும் வருடமும் உண்டு, அதில் 1886 மார்ச் என்று இருந்தது. பெற்றோர் பிறந்த இடம் ஜெர்மனி. ஆனால் பெற்றோர் யார்? ஒரு தாளிலும் அவர் தன் அப்பா அம்மாவோடு இல்லை. நான்கு வயதுக் குழந்தையாக அவர் அவர்களோடு இருந்திருக்கக்கூடிய ஒரே கணக்கெடுப்பு 1890. அந்தத் தாள்கள் இன்று இல்லை. 1921 ஜனவரி 10 அன்று வாஷிங்டனில் வணிகத்துறைக் கட்டடத்தில் பிடித்த தீயில் பெரும்பகுதி எரிந்தோ நனைந்தோ சேதமாகி, மிச்சமும் பின்னால் அழிக்கப்பட்டுவிட்டது. நாடு முழுவதற்குமாக ஆறாயிரத்துச் சொச்சம் பெயர்கள்தான் தப்பின. 1880-க்கும் 1900-க்கும் நடுவே இருபது வருடப் பள்ளம். இந்த ஊர்க் குடியானவக் குடும்பங்களில் பலவும் வந்து குடியேறி வேர்விட்டது அந்தப் பள்ளத்துக்குள்தான்.

இங்கேதான் நான் தவறு செய்தேன். தாத்தாவின் இறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இருந்தது, அம்மா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘தெரியாது’ என்று இருந்தது. விவரம் சொன்னவர் மகன். பாட்டியின் பெயர் அந்த நேரத்தில் அவருக்கு நினைவு வரவில்லை போலும். அந்த அப்பா பெயரிலேயே இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் கேஜ் கவுண்டி, இன்னொருவர் மேற்கே அடுத்திருக்கும் ஜெஃபர்சன் கவுண்டி. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, இருவரும் ஜெர்மனியின் வடமேற்கு ஓரத்தில் உள்ள ஆஸ்ட்ஃபிரீஸ்லாண்ட் பகுதியிலிருந்து வந்தவர்கள். அந்தப் பகுதியில் மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தாவின் பெயர் வைப்பது வழக்கம். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். தாத்தா பெயரைச் சுமப்பவன் என்பதால்தானே பெயரன், பேரன் ஆனான். அங்கே குடும்பப் பெயரும் பல வீடுகளில் ஏதோ ஒரு தாத்தாவின் பெயரிலிருந்து வந்ததுதான். 1811-இல் நெப்போலியன் ஆட்சி உத்தரவு போட்டபோதுதான் எல்லோரும் நிரந்தரமாக ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ள வேண்டி வந்தது. ஆகவே உறவே இல்லாத இருவருக்கு ஒரே பெயர் அமைவது அங்கே சாதாரணம். எனக்கு அது அப்போது தெரியாது.

இருவரில் யார் என்று பார்க்க 1880 தாளைத் தேடினேன். கேஜ் கவுண்டிக்காரர் அப்போது இல்லினாய் மாநிலத்தில் இருந்தார். அவர் பிள்ளைகளில் ஒரு பையனுக்கு மாமாவின் தாத்தா பெயரேதான், வயது 3. நம் தாத்தாவோ 1886-இல் பிறந்தவர். இந்த வீட்டில் ஏற்கெனவே அந்தப் பெயரில் ஒருவன் இருக்கிறான், ஒரே பெயரை இரண்டு பிள்ளைக்கு வைப்பார்களா, ஆகவே இந்தக் குடும்பம் இல்லை என்று தள்ளிவிட்டேன். மிச்சம் இருந்தவர் ஜெஃபர்சன் கவுண்டிக்காரர். அவர்தான் என்று முடிவு கட்டினேன். அந்த முடிவுக்கு எனக்கு ஆன நேரம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். அதற்காக அப்புறம் செலவழித்தது சுமார் ஆயிரம் டாலர்.

அந்தக் கணக்கை அப்படியே சொல்கிறேன். கட்டணத் தளம் ஒன்றில் சந்தா, அது தானாகவே புதுப்பித்துக்கொண்டதையும் சேர்த்து 420 டாலர். தேசிய ஆவணக் காப்பகத்துக்கு எழுதி ஜெஃபர்சன்காரரின் ஹோம்ஸ்டெட் கோப்பின் நகல் வாங்கியது 50 டாலர். ஜெர்மனியில் தேவாலயப் பதிவேடுகளைத் தேடித் தருபவர் ஒருவருக்கு 350 டாலர். அவர் மேல் தவறில்லை, நான் கேட்ட மனிதரைச் சரியாகவே கண்டுபிடித்துக் கொடுத்தார். படத்துக்கும் சட்டத்துக்கும் 180 டாலர். இதில் பெரும்பகுதி தேவையே இல்லாத செலவு. ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கு திறந்தாலே 1950 வரையிலான தாள்களைப் பார்க்கலாம். கட்டணத் தளங்களைப் பல பொது நூலகங்களின் கணினியில் காசில்லாமல் பயன்படுத்தலாம். நெப்ராஸ்காவின் ஹோம்ஸ்டெட் கோப்புகள் ஏற்கெனவே ஸ்கேன் செய்யப்பட்டவை. பியாட்ரிஸ் ஊருக்கு வெளியே இருக்கும் ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்காவில் அவற்றை இலவசமாகப் பார்க்கலாம். அது என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். வாரக்கணக்கில் தபாலுக்குக் காத்திருந்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது.

ஆனாலும் அந்தக் கோப்பு கையில் வந்த நாளை மறக்க முடியாது. 1862-ஆம் வருட ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் அரசு நிலத்தில் ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் நிலம் சொந்தம். குடியிருந்ததற்கு இரண்டு சாட்சிகள் வந்து சொல்ல வேண்டும். வீட்டின் நீள அகலம், எத்தனை ஏக்கர் உழுதார், கிணறு வெட்டினாரா, மரம் நட்டாரா எல்லாம் அதில் இருந்தது. அயல்நாட்டிலிருந்து வந்தவர் என்றால் குடியுரிமைத் தாளும் சேர்ந்திருக்கும். ஒரே அறை கொண்ட வீட்டில் மனைவி மக்களோடு அவர் இருந்ததைப் படித்து அழுதேன். வேறு யாருடைய பாட்டனாருக்காகவோ அழுதிருக்கிறேன் என்று இப்போது நினைத்தாலும் அந்த அழுகை எனக்கு வீணாகத் தெரியவில்லை. அந்த நகலைப் பின்னால் ஜெஃபர்சன் கவுண்டி வரலாற்று ஆர்வலர்களிடம் கொடுத்துவிட்டேன். அவருடைய சொந்தப் பேரப்பிள்ளைகள் தேடி வந்தால் கிடைக்கட்டும்.

தவறைக் கண்டுபிடித்தவள் என் மகள். 2023 நவம்பரில் ஒரு நாள் ஜெஃபர்சன் குடும்பத்தின் 1900 தாளை அவளுக்குக் காட்டி, எந்தக் கட்டம் எதற்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பெயர், உறவு, வயது வரைக்கும்தான் நான் எப்போதும் படிப்பேன். அவள் கண் வலது பக்கம் போனது. “அம்மா, இந்த ரெண்டு ஆறும் என்ன?” என்றாள். 1900-இலும் 1910-இலும் மணமான பெண்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்கள்: எத்தனை குழந்தை பெற்றாய், அதில் எத்தனை உயிரோடு இருக்கிறது. ஜெஃபர்சன் அம்மா சொன்ன பதில் ஆறு, ஆறு. மகள் அந்த வீட்டுப் பிள்ளைகளை எண்ணினாள். ஆறு பேரும் அந்த வீட்டிலேயே, அதே தாளிலேயே இருந்தார்கள். “அப்போ நம்ம தாத்தா எங்கே?” என்று கேட்டாள். எனக்கு உள்ளங்கை குளிர்ந்துவிட்டது. கேஜ் குடும்பத்தின் 1900 தாளைத் திறந்தேன். அந்த அம்மா பெற்றது ஒன்பது, உயிரோடு ஐந்து. வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். ஐந்தாவது பிள்ளை நான்கு மைல் தள்ளி இன்னொருவர் பண்ணையில் கூலிக்கு இருந்த பதினான்கு வயதுப் பையன்.

அன்றிரவு தூங்கவில்லை. படம் மாமா வீட்டுச் சுவரில் இருக்கிறது. அவரிடம் சொல்வதா, முதலில் உறுதிப்படுத்துவதா என்று இரண்டு வாரம் தவித்தேன். கணவர்தான், “அப்பாவுக்கு உண்மை தாங்கும், மறைச்சாத்தான் தாங்காது” என்றார். சொன்னேன். மாமா படத்தைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, “சரி, அப்போ அந்த ஒன்பது பேரைத் தேடு” என்றார். ஒரு கோபமான வார்த்தை இல்லை. எனக்கு அது இன்னும் வலித்தது.

இரண்டாவது தடவை வேலையை வேறு மாதிரி செய்தேன். முதலில் சென்சஸை மூடி வைத்துவிட்டு, தாத்தாவின் 1911 திருமணப் பதிவை வாங்கினேன். அதில் அம்மாவின் பெயர் பிறந்த வீட்டுப் பெயரோடு இருந்தது, கேஜ் குடும்பத்தோடு பொருந்தியது. சில டாலரில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். இறப்புச் சான்றிதழில் விவரம் சொல்பவர் துக்கத்தில் இருக்கும் பிள்ளை. திருமணப் பதிவில் சொல்பவர் சம்பந்தப்பட்டவரே. ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் அம்மாவின் பெயர் கிடைக்கும்வரை எந்தப் பக்கமும் சாயாதீர்கள்.

அடுத்து நிலம். மாமாவின் பண்ணை எந்தச் சதுரத்தில் இருக்கிறது என்று வரைபடத்தில் குறித்தேன். இதை முதல் நாளே செய்திருந்தால் ஹோம்ஸ்டெட் கோப்புக்கு எழுதியே இருக்க மாட்டேன். கேஜ் கவுண்டியின் தெற்கு ஓரம் ஓட்டோ-மிசூரியா பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட நிலமாக இருந்தது, பிக் ப்ளூ ஆற்றின் இரு கரையிலும். 1881-இல் அவர்கள் இன்றைய ஒக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் நிலம் குடியேறிகளுக்கு விற்கப்பட்டது. அங்கே இலவச நிலம் என்ற பேச்சே கிடையாது. மத்திய அரசின் நில அலுவலகத் தளத்தில் பழைய பட்டயங்களை இலவசமாகப் பார்க்கலாம், எந்தச் சட்டத்தின்படி நிலம் கைமாறியது என்று ஒரு வரி அதில் இருக்கும். தாத்தாவின் அப்பா காசு கொடுத்து வாங்கியிருந்தார். 1900 தாளில்கூடப் பண்ணை அடமானத்தில் இருந்ததாகக் குறிப்பு. ‘முதல் குடியானவர்கள்’ என்று வீட்டில் சொல்லும்போது எனக்கு இப்போது தொண்டையில் ஏதோ அடைக்கிறது. அதே காலத்து சென்சஸ் ‘வரி கட்டாத இந்தியர்கள்’ என்று ஒரு பிரிவு வைத்து அவர்களைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மாமாவிடம் சொன்னபோது, ஆற்றோரம் உழும்போது சின்ன வயதில் அம்பு முனைகள் கிடைத்ததாகச் சொன்னார். எடுத்தவற்றை அவருடைய அப்பா ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தாராம். புதிய படத்தில் நிலம் யாரிடமிருந்து வந்தது என்றும் ஒரு வரி எழுதச் சொன்னார்.

நேரே நெப்ராஸ்கா வந்தார்கள் என்பதும் தவறு. 1850-லிருந்து சென்சஸில் அடிமைகள் தவிர வீட்டில் உள்ள எல்லோர் பெயரும் பிறந்த இடமும் உண்டு. அதற்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். பிள்ளைகள் பிறந்த மாநிலத்தை மூத்தவரிலிருந்து வரிசையாகப் படித்தால் குடும்பம் வந்த பாதையே தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் மூத்தவர்கள் எல்லாம் இல்லினாய், பிந்தியவர்கள் நெப்ராஸ்கா. பத்து வருடத்துக்கும் மேலாக இல்லினாயில் அடுத்தவர் நிலத்தில் குத்தகைக்குப் பயிர் செய்து காசு சேர்த்திருக்கிறார்கள். தாத்தாவுடைய அப்பாவின் பிறந்த இடம் ஒரு தாளில் ஹனோவர், இன்னொன்றில் பிரஷ்யா, பிந்தியதில் ஜெர்மனி. இவை மூன்று ஆட்கள் அல்ல. ஹனோவர் அரசை 1866-இல் பிரஷ்யா சேர்த்துக்கொண்டது, 1871-இல் ஜெர்மனி உருவானது. மனிதர் பிறந்த ஊர் ஒன்றுதான். வயதும் அப்படியே, இரண்டு மூன்று வருடம் முன்பின் இருக்கும். வாசலில் வந்து நின்றவரிடம் யார் பதில் சொன்னார் என்று பெரும்பாலான வருடங்களில் குறிக்கவே இல்லை. 1940 தாளில்தான் பதில் சொன்னவர் பெயர் பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். ஆங்கிலம் சரியாக வராத மனைவியோ, பக்கத்துப் பண்ணைக்காரரோகூடச் சொல்லியிருக்கலாம்.

பெயரைத் தட்டச்சு செய்து தேடினால் கிடைக்கவில்லை என்பதற்காக இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தேடலில் வருவது பழைய கையெழுத்தை யாரோ படித்து உருவாக்கிய பட்டியல். பழைய எழுத்தில் இரட்டை ‘எஸ்’ பல நேரம் ‘பி’ போலத் தெரியும், ஒன்றும் ஏழும் குழம்பும். 1885-இல் நெப்ராஸ்காவில் எடுத்த இடைக்காலக் கணக்கெடுப்பில் எங்கள் குடும்பத்துக்கு முழுப் பெயரே இல்லை, முதலெழுத்துகள் மட்டும்தான். குடும்பப் பெயரை விட்டுவிட்டு வயது, பிறந்த இடம், கவுண்டி மூன்றை மட்டும் போட்டுத் தேடியும் வரவில்லை. கடைசியில் அந்த வட்டாரத்தின் தாள்களை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். நான்கு இரவு. 1900-இல் பக்கத்துப் பண்ணையில் இருந்தவர்களின் பெயரை ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். அந்தப் பெயர்களில் இரண்டு தென்பட்டதும் நிறுத்தி ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அங்கே இருந்தார்கள். இல்லினாயில் மூன்று வயதாக இருந்த பையனுக்கு அப்போது எட்டு வயது ஆகியிருக்க வேண்டும். அந்த வரி இல்லை.

சென்சஸ் என்றால் மக்கள் பட்டியல் மட்டும் என்று நினைத்திருந்தேன். 1850 முதல் 1880 வரை பண்ணைகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு: எத்தனை மாடு, எத்தனை புஷல் (தானியம் அளக்கும் ஓர் அளவு) கோதுமை, நிலத்தின் மதிப்பு என்ன என்று. இறந்தவர்களுக்கும் தனிப் பட்டியல் உண்டு. ஜூன் 1-க்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் அந்த வீட்டில் செத்தவர்கள், வயது, காரணம். 1885 கணக்கெடுப்பிலும் அது இருந்தது. நெப்ராஸ்காவில் மாநில அளவில் இறப்புப் பதிவு 1904-இல்தான் வந்தது, அதற்கு முன்னால் செத்த குழந்தைக்கு இந்தப் பட்டியலை விட்டால் தேவாலய ஏடுதான் கதி. எங்கள் கவுண்டியின் 1885 பட்டியலில் ஒரே குடும்பப் பெயரில் அடுத்தடுத்து இரண்டு வரிகள். பையன், வயது 7. பெண், வயது 4. இரண்டுக்கும் ஜனவரி மாதம், இரண்டுக்கும் டிப்தீரியா, நம் ஊரில் தொண்டை அடைப்பான் என்போமே அது. அடுத்த வருடம் மார்ச்சில் பிறந்த பையனுக்குச் செத்தவனின் பெயரையே திருப்பி வைத்திருக்கிறார்கள். தாத்தாவின் பெயர் வீட்டில் இல்லாமல் போகக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் அப்படி வைப்பது வழக்கமாம். அந்தப் பெயர் இருந்ததைக் காரணமாகச் சொல்லித்தான் நான் இந்தக் குடும்பத்தையே தள்ளினேன்.

தேவாலய ஏட்டிலும் அந்த இரண்டு அடக்கமும் இருந்தன, ஆறு நாள் இடைவெளியில். ஒன்பதில் நான்கு போக மிச்சம் ஐந்து என்றால் இன்னும் இரண்டு குழந்தைகள். அவர்கள் பிறந்ததும் போனதும் 1885-க்கும் 1900-க்கும் நடுவே இருந்திருக்கலாம். எந்தத் தாளிலும் அவர்கள் பெயர் இல்லை. அம்மா சொன்ன அந்த எண்ணிக்கையில் மட்டும் இருக்கிறார்கள். புதிய படத்தில் அவர்களுக்கு இரண்டு வெற்று வட்டம் வரைந்தேன்.

2024 அக்டோபரில், அறுவடை முடிந்த வாரம், எல்லாவற்றையும் மாமாவின் மேசையில் பரப்பி வைத்தேன். இறந்தவர்கள் பட்டியலின் நகலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வண்டிச் சாவியை எடுத்தார். தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள கல்லறைத் தோட்டத்தில் வேலியோரம் எழுத்து தேய்ந்த இரண்டு சின்னக் கற்கள் இருந்தன. பதின்மூன்று பதினான்கு வயதில் அங்கே புல் வெட்டும் வேலை அவருடையதாம். அந்தக் கற்கள் இயந்திரத்துக்கு இடைஞ்சல், பிடுங்கிவிடலாமா என்று அவருடைய தாத்தாவிடம் கேட்டிருக்கிறார். “அது ரெண்டும் நம்மளோடது, சுத்திப் போ” என்று மட்டும் சொன்னாராம் அவர். யாரென்று சொல்லவில்லை, மாமாவும் கேட்கவில்லை. குளிர் காற்றில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பையனின் பெயரை ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னார். அது அவருடைய தாத்தாவின் பெயரும்தான்.